சிம்மமும் சனியும் ஒரே பெஞ்சில்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகன் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஆடுகிறான். வரும் ஆகஸ்ட் 9 அன்று அவனுக்கு 12 வயது முடிகிறது. பாதி ஆட்டங்களில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெரிய ஆட்டக்காரர்களை ராசிவாரியாகப் பிரித்த பட்டியல் ஒன்றை நண்பன் காட்டியதிலிருந்து, “நான் லியோ. பாரி பாண்ட்ஸ், மைக் டிரவுட் எல்லோரும் லியோ. என் நேரம் தானாக வரும்” என்று பயிற்சியைக் குறைத்துவிட்டான். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, “அவன் மீன ராசி. ஏழரைச் சனி நடக்கிறது, பந்து பட்டுவிடும், நிறுத்து” என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பத்திரிகை கைக்கு வந்தால் ராசிபலன் பக்கத்தை முதலில் திருப்புகிறவள் நான். ஆகவே உங்கள் மாமியாரைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை எனக்கில்லை.

வீட்டில் நடப்பது இரண்டு கணக்குகளின் சண்டை. பையன் சொல்லும் லியோ, அதாவது சிம்மம், பிறந்த தேதியில் சூரியன் இருந்த இடம். பாட்டி சொல்லும் மீனம், அன்று சந்திரன் இருந்த இடம். சூரியன் ஒரு ராசியில் ஒரு மாதம் தங்குவான். சந்திரன் இரண்டேகால் நாளில் கிளம்பிவிடுவான். போதாததற்கு, மேல்நாட்டார் ராசி வட்டத்துக்கும் நம் ராசி வட்டத்துக்கும் நடுவே 24 பாகை இடைவெளி. ஆகஸ்ட் 9 நமக்கு ஆடி மாதம், சூரியன் கடகத்தில். சூரியனை வைத்துப் பார்த்தாலும் உங்கள் பிள்ளை சிம்மம் இல்லை! இதை இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம்.

அந்தப் பட்டியலில் கும்பத்தைப் பார்த்தானா? ஜாக்கி ராபின்சன், எர்னி பேங்க்ஸ், நோலன் ரயன் மூவரும் ஜனவரி 31. ஹாங்க் ஆரன் பிப்ரவரி 5, பேப் ரூத் பிப்ரவரி 6. பார்த்தால் யாருக்கும் சபலம் தட்டும். ஆனால் ரூத்தின் கதை வேடிக்கையானது. தான் பிறந்தது 1894 பிப்ரவரி 7 என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். 1934இல் ஜப்பான் பயணத்துக்காக பாஸ்போர்ட் எடுக்கப்போனபோதுதான், பிறப்புச் சான்றிதழில் 1895 பிப்ரவரி 6 என்று இருப்பது தெரிந்தது. தப்பான தேதியோடு வாழ்ந்த அந்த 40 வருடத்துக்குள், தம் 714 ஹோம் ரன்களில் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டார். அந்தத் தேதியை வைத்து யாராவது ஜாதகம் கணித்திருந்தால் நட்சத்திரம், தசை, புக்தி அத்தனையும் வேறொருவருடையதாகத்தான் இருந்திருக்கும்.

இரட்டையரிடம் வந்தால் நம் ஜோதிடர்களே தொண்டையைச் செருமுவார்கள். ஹவானாவில் 1964 ஜூலை 2 அன்று பிறந்த இரட்டையர் ஹோசே கான்செகோவும் ஓசி கான்செகோவும். ஒரே முகம், ஒரே உடல்வாகு. ஹோசே 1988இல் ஒரே பருவத்தில் 40 ஹோம் ரன்னும் 40 ஸ்டீலும் (எதிரணி அசரும் நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது) எடுத்த முதல் ஆள். மொத்தம் 462 ஹோம் ரன். ஓசியும் மேஜர் லீக் என்ற உச்ச மட்டம் வரை வந்தார். 24 ஆட்டங்கள் ஆடினார். ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை.

சரி, எதிர்க்கட்சிக்கும் ஒரு சாட்சி தருகிறேன். பென்சில்வேனியாவில் மொனங்கஹீலா ஆற்றோரம் டொனோரா என்று ஒரு சிறிய ஆலை நகரம். அங்கே 1920 நவம்பர் 21 அன்று ஸ்டான் மியூசியல் பிறந்தார். அதே ஊரில் 1969இல் அதே நவம்பர் 21 அன்று கென் கிரிஃபி ஜூனியர் பிறந்தார். இருவரும் இடது கை, இருவரும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் கௌரவப் பட்டியலில். நவம்பர் 21 மட்டும் அவர்கள் கணக்கிலும் விருச்சிகம், நம் கணக்கிலும் விருச்சிகம்! முதலில் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது உண்மை. பிறகுதான் வீட்டை எட்டிப் பார்த்தேன். கிரிஃபியின் தாத்தா பள்ளி அணியில் மியூசியலோடு ஆடியவர். அப்பா மேஜர் லீக் ஆட்டக்காரர். 1990இல் சியாட்டில் அணிக்காக அப்பாவும் பிள்ளையும் அடுத்தடுத்து மட்டை பிடித்து ஆளுக்கொரு ஹோம் ரன் அடித்தார்கள். கிளப் ஹவுஸில் வளர்ந்த பிள்ளைக்குச் சந்திரன் எங்கே நின்றால் என்ன?

இனி உங்கள் பிள்ளை விஷயம். பிறந்த மாதம் பேஸ்பாலில் நிஜமாகவே வேலை செய்கிறது. பல பத்தாண்டுகளாக லிட்டில் லீக்கில் வயதை ஜூலை 31 அன்று கணக்கிட்டார்கள். ஆகஸ்டில் பிறந்த பிள்ளை தன் பிரிவில் எல்லோருக்கும் மூத்தவன். ஜூலையில் பிறந்தவன் கடைக்குட்டி. பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் பலத்திலும் தெரியும். மூத்தவனைத் தேர்ந்தெடுத்தார்கள், அவனுக்கே ஆட்டமும் பயிற்சியும் கிடைத்தன. மேஜர் லீக்கில் அமெரிக்காவில் பிறந்தவர்களை எண்ணிப் பார்த்தபோது, ஆகஸ்டில் பிறந்தவர்கள் ஜூலையில் பிறந்தவர்களைவிட வெகுவாக அதிகம் இருந்தார்கள். லியோவின் கர்ஜனையில் பாதி இந்த விதி கொடுத்தது.

இப்போது லிட்டில் லீக் வயதைக் கணக்கிடும் நாள் ஆகஸ்ட் 31. அதாவது ஆகஸ்ட் 9இல் பிறந்த உங்கள் மகன் தன் பிரிவில் கடைக்குட்டி. சென்ற செப்டம்பரிலேயே 12 முடிந்தவன் 46 அடி தூரத்திலிருந்து எறிகிறான்; எதிரே நிற்பவனுக்கு இன்னும் பதினொன்று. பெஞ்சுக்குச் சனியும் காரணமில்லை, திறமைக் குறைவு என்றும் இப்போதே தீர்ப்பு எழுத முடியாது. பயிற்சியாளரிடம் தனியாகப் பேசுங்கள். “ஏன் இறக்கவில்லை” என்று கேட்காதீர்கள், சண்டையாகும். “வீட்டில் எதைப் பழகட்டும்” என்று கேளுங்கள்.

மாமியாரிடம் ஹெல்மெட்டைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். சனிக்கிழமை எள் தீபம் ஏற்றட்டும், ஆட்டத்துக்கும் வரட்டும். எட்டாயிரம் மைல் தள்ளி வந்து, புரியாத ஒரு விளையாட்டைப் பார்த்துப் பயப்படுகிறவருக்குச் சனி ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

பையனுக்கு ஒரு கட்டம் கொடுங்கள். ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி, ஜூலை 5இல் பிறந்தவர், உயர்நிலைப் பள்ளி முதலாண்டில் தானே ஒரு கட்டம் போட்டார். நம் ஜாதகத்துக்குப் பன்னிரண்டு கட்டம், அவருடையதில் 81. நடுவில் இலக்கு: தொழில்முறை அணிகள் புது ஆட்களை எடுக்கும்போது, எட்டு அணிகள் தன்னை முதல் தேர்வாகக் கேட்க வேண்டும். அதைச் சுற்றி எட்டுத் தேவைகள். அவற்றில் ஒன்று ‘அதிர்ஷ்டம்’. அதற்கு என்ன செய்வது என்று எட்டுக் கட்டங்களில் எழுதினார்: வணக்கம் சொல்வது, குப்பை பொறுக்குவது, அறையைச் சுத்தம் செய்வது, கருவிகளைப் பேணுவது, நடுவரிடம் மரியாதை, புத்தகம் படிப்பது... இப்படி.

உங்கள் மகனையும் ஒரு தாளில் போடச் சொல்லுங்கள். அதிர்ஷ்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் ஏழை அவன் எழுதட்டும். எட்டாவதைப் பாட்டிக்கு விட்டுவிடச் சொல்லுங்கள்.