சண்டை போட வராத ஒருவர் ஆடும்படி, இடைக்காலப் பின்னணியில் நல்ல கதையுள்ள, ஒளிந்து மறைந்து ஆடும் புதிர் விளையாட்டு எது?

எனக்கும் சண்டை வராது. இரண்டு எதிரிகள் சேர்ந்தாற்போல் வந்தாலே கன்ட்ரோலரைத் தம்பியிடம் நீட்டிவிடும் ஆள் நான். அப்படிப்பட்ட நானே தொடக்கம் முதல் முடிவு வரை (ஓர் இடம் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன்) ஆடி முடித்தது 'ஏ பிளேக் டேல்: இன்னொசென்ஸ்'. 2019 மே மாதம் வெளிவந்தது. பிரான்சின் போர்தோ நகரத்தில் இருக்கும் அசோபோ நிறுவனம் உருவாக்கியது. சமையல்கார எலி ஒன்றைப் பற்றிய புகழ்பெற்ற அனிமேஷன் படத்துக்கு 2007இல் விளையாட்டு செய்தவர்களும் இவர்களே. எலி இவர்களை விடுவதாக இல்லை போலும்.

கதை நடப்பது 1348இல், பிரான்சின் தென்மேற்கே, அன்று இங்கிலாந்து அரசரின் பிடியில் இருந்த கியென் பகுதியில். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான நூறாண்டுப் போர் ஒரு பக்கம், கொள்ளைநோய் மறுபக்கம். அமிசியா என்ற பதினைந்து வயதுப் பெண், ஹியூகோ என்ற ஐந்து வயதுத் தம்பி. பிறவியிலேயே ரத்தத்தில் ஏதோ நோய் இருப்பதால் அவனை அம்மா அறையை விட்டு வெளியே விடாமல் வளர்த்திருக்கிறாள். ஒரே மாளிகையில் வளர்ந்தும் அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் சரியாக அறியாதவர்கள். திருச்சபையின் மதவிசாரணைப் படை வந்து வீட்டாரை வெட்டிச் சாய்க்கிற அன்றைக்குத்தான் இருவரும் முதல்முறையாகக் கைகோத்து ஓடுகிறார்கள்.

அந்தக் கைதான் இந்த விளையாட்டே. சுவருக்குச் சுவர், வண்டிக்கு வண்டி பதுங்கி நகரும்போது ஹியூகோ அமிசியாவின் கையைப் பிடித்துக்கொண்டே வருவான். "இங்கேயே இரு" என்று சொல்லி அவனை ஓரிடத்தில் விட்டுவிட்டும் போகலாம். என் தம்பி என்னைவிட ஏழு வயது சிறியவன், பொறுமை என்பது அவனுக்கு மருந்துக்கும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து, "அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போ அக்கா, சீக்கிரம் முடித்துவிடலாம்" என்றான். விட்டேன். பத்தடி போவதற்குள் ஹியூகோவின் குரல் நடுங்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் போனேன். பயம் தாங்காமல் அக்காவைக் கூவி அழைத்தான். காவலன் திரும்பினான், கதை முடிந்தது. "நீயும் பள்ளிக்கூட வாசலில் இப்படித்தான் ஊரைக் கூட்டுவாய்" என்றேன். தம்பி பதில் சொல்லவில்லை, தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு ஹியூகோவைத் தேவையில்லாமல் நான் தனியே விட்டதே இல்லை. விட்டால் ஆட்டம் இன்னும் எளிதாகும் இடங்களில்கூட.

அமிசியாவிடம் இருக்கும் ஒரே ஆயுதம் கவண். தினைப்புனம் காத்த பெண்களின் கையில் நாம் பாட்டுகளில் பார்த்த அதே கவண்தான். கல்லைச் சுழற்றினால் சத்தம் வரும், சத்தம் கேட்டால் காவலன் வருவான். ஆகவே பெரும்பாலும் நீங்கள் ஆளை அடிக்க மாட்டீர்கள். தூரத்தில் கிடக்கும் இரும்புக் கவசத்தின் மேல் கல்லெறிந்து அவன் கவனத்தைத் திருப்பிவிட்டு, முதுகுப்புறமாக நழுவிப் போவீர்கள்.

புதிர்கள் வருவது எலிகளோடு. நிலத்தைப் பிளந்துகொண்டு கரும் வெள்ளமாய் வருகின்றன. ஒரே திரையில் ஐயாயிரம் எலிகள் வரை காட்ட முடியும் என்று அசோபோ சொன்னது. அவை அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: வெளிச்சம். ஒரு குச்சியைக் கொளுத்திக் கையில் பிடித்தால் சில விநாடிகளுக்கு உங்களைச் சுற்றி ஒரு வட்டம் விலகும். குச்சி எரிந்து முடிவதற்குள் அடுத்த தீச்சட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். எந்த விளக்கை எங்கே நகர்த்துவது, எதை ஏற்றுவது, எதை அணைப்பது என்பதுதான் கணக்கு. லூக்கா என்ற ரசவாதம் பயிலும் பையன் வந்து சேர்ந்த பிறகு கந்தகம், வெடியுப்பு, சாராயம் என்று பொறுக்கிச் சேர்த்து, தூரத்து நெருப்பைக் கவண்கல்லாலேயே பற்றவைக்கவும் அணைக்கவும் கற்றுக்கொள்கிறீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆள் கொல்லாமல் ஆடலாம் என்று நினைத்து இதற்குள் வராதீர்கள். எலிகளுக்கு நடுவே லாந்தர் பிடித்து நிற்கும் ஒரு காவலன். வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறான். அவனைத் தாண்ட என்ன செய்வது என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். விடை அவன் கையிலேயே இருந்தது. லாந்தரைக் குறிவைத்து ஒரு கல். கண்ணாடி உடைந்தது, இருட்டு அவன்மேல் மூடியது. பிறகு வந்த சத்தத்துக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். புதிரை அவிழ்த்துவிட்ட மகிழ்ச்சியும், செய்தது இதுதானா என்ற அருவருப்பும் ஒரே நொடியில் வந்தன. வெறும் சண்டை விளையாட்டுகளில் நூறு பேரைச் சாய்த்தாலும் எனக்கு இது நேர்ந்ததில்லை. இதையெல்லாம் ஹியூகோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை விளையாட்டும் மறப்பதில்லை.

வரலாற்றுக்கு எவ்வளவு நெருக்கம் என்று கேட்பீர்கள். ஆளைத் தின்னும் எலிகள் கற்பனை. நிஜத்தில் நோயைக் கடத்தியவற்றில் முக்கியமானது எலியின் மேல் இருந்த தெள்ளுப்பூச்சி. நோய்க்கிருமியை ஹாங்காங்கில் யெர்சின் என்ற மருத்துவர் கண்டுபிடித்ததே 1894இல்தான். ஆனால் வெளிச்சமும் நெருப்பும் காக்கும் என்ற கற்பனைக்குப் பக்கத்திலேயே ஓர் உண்மை இருக்கிறது. அதே 1348இல் அவிஞானில் இருந்த போப் ஆறாம் கிளெமென்ட், மருத்துவர் சொல்கேட்டு இரண்டு பெரும் நெருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நோய் அவரைத் தொடவில்லை. இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மகள் ஜோன் அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. காஸ்டீல் இளவரசனை மணக்கக் கப்பலேறி வந்தவள், அதே ஆண்டு போர்தோ அருகே நோயில் இறந்தாள். கிட்டத்தட்ட அமிசியாவின் வயதுதான்.

குறைகளும் இருக்கின்றன. காவலர்கள் அசடுகள். கண்ணெதிரே தோழன் செத்துக் கிடந்தாலும் சற்று நேரம் தேடிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். புதிர்கள் கடினமானவை அல்ல, நீங்கள் திணறினால் கூட வருபவரே விடையை ஏறக்குறைய சொல்லிவிடுவார். தம்பிக்கு இது பெரிய குறை, எனக்கு இல்லை. எனக்குக் கோபம் வந்தது கடைசியில்தான். அதுவரை பதுங்கிப் பழகியவளை இறுதி அத்தியாயங்களில் நேருக்கு நேர் நின்று சண்டை போடச் சொல்கிறார்கள். முடிவில் வரும் மோதலில் ஏழெட்டு முறை செத்து, கன்ட்ரோலரைத் தம்பியிடம் கொடுத்தேன். முதலில் சொன்ன அந்த ஓர் இடம் இதுதான். அவன் இரண்டாவது முயற்சியில் முடித்துவிட்டு, அதை இன்றுவரை வீட்டுக்கு வருபவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மொத்தம் பதினேழு அத்தியாயங்கள், பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம். வயது வந்தோருக்கானது, குழந்தைகள் தூங்கிய பிறகு ஆடுங்கள். குரலைப் பிரெஞ்சுக்கு மாற்றிவிட்டு வசன வரிகளைப் படித்துக்கொண்டு ஆடினால் ஊர் இன்னும் நம்பும்படி இருக்கிறது. 2022இல் வந்த இரண்டாம் பாகம் 'ரெக்வியம்' இன்னும் அழகு, எலிகளின் எண்ணிக்கையோ லட்சங்களில். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள், ஹியூகோவின் நோய் என்ன என்பது முதல் பாகத்தில்தான் அவிழ்கிறது. போகிற வழியில் பூ எதுவும் கண்ணில் பட்டால் நின்று பறியுங்கள். எந்தப் புதிருக்கும் அது உதவாது. ஹியூகோ அதை அக்காவின் தலையில் வைத்துவிடுவான்.