லீஸ் முடிந்த கடையைக் காலி செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் 16 வருடமாக மளிகைக்கடை நடத்துகிறேன். லீஸ் போன வருடமே முடிந்துவிட்டது, வாடகை மட்டும் ஒழுங்காகக் கட்டி வருகிறேன். 2 வருடத்துக்கு முன் கட்டடத்தை வாங்கியவர், உள்ளே இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிக் காலி செய்ய நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 'லீஸ் முடிந்தவனுக்கு என்ன உரிமை?' என்கிறார். போய்விடத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வியாபாரக் குத்தகை, காலம் முடிந்ததும் தானாகச் செத்துப்போவதில்லை. 1954-ஆம் ஆண்டின் உரிமையாளர் - குத்தகைதாரர் சட்டப்படி அது தொடர்கிறது. புதிய லீஸ் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒரே ஒரு 'ஆனால்': இந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டு முன்பே கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. பழைய லீஸில், இந்தச் சட்டத்தின் '24 முதல் 28 வரையிலான பிரிவுகள் பொருந்தாது' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அது இல்லையென்றால், அடுத்து நோட்டீஸைப் பாருங்கள். அது இதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும். அதில் குத்தகை முடியும் தேதி ஒன்று போட்டிருக்கும். உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குக் குறையாமலும் 12 மாதத்துக்கு மேற்படாமலும் அது இருக்க வேண்டும். அந்தத் தேதிக்குள் கவுண்டி கோர்ட்டில் புதிய லீஸ் கேட்டு மனுப் போட்டாக வேண்டும். 'பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்' என்று நாளைக் கடத்தி, உரிமை மொத்தத்தையும் கோட்டைவிடுபவர்கள் உண்டு. பேச அவகாசம் வேண்டுமென்றால், தேதி தாண்டும் முன்பே இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டு அதைத் தள்ளிப்போடுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

சரி, உரிமையாளர் சொல்லும் காரணத்துக்கு வருவோம். 'என் சொந்த வியாபாரத்துக்கு வேண்டும்' என்று அவரால் இப்போது சொல்ல முடியாது. கட்டடத்தை வாங்கி 5 வருடம் ஆகவில்லை. இடித்துக் கட்டும் கதை அதனால்தான் வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம். அதைச் சொன்னால் மட்டும் போதாது, வழக்கு விசாரணை நாளில் நிரூபிக்க வேண்டும்: திட்ட அனுமதி, வரைபடம், பணத்துக்கு ஏற்பாடு எல்லாம் கேட்கப்படும். ஜெர்மின் ஸ்ட்ரீட்டில் துணிக்கலை வியாபாரம் செய்த ஃபிரான்சஸ் நிறுவனத்துக்கும் கேவண்டிஷ் ஹோட்டலுக்கும் நடந்த வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி கூர்மையானது: குத்தகைதாரர் தானாகவே போய்விட்டால், உரிமையாளர் இதே வேலையைச் செய்வாரா? அவரை வெளியேற்றுவதற்கென்றே போட்ட திட்டம் அங்கே எடுபடவில்லை. உங்கள் உரிமையாளரிடமும் இதையே கேட்க வைக்கலாம்.

அவர் உண்மையிலேயே கட்டப்போகிறார் என்றால் இடத்தை விட வேண்டி வரலாம், ஆனால் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. 14 வருடத்துக்கு மேல் அங்கேயே கடை நடத்தியதால் ரேட்டபிள் வேல்யூவின் (வியாபார வரி போடுவதற்காகக் கடைக்குக் குறித்திருக்கும் மதிப்பு) இரு மடங்கு நஷ்டஈடு உண்டு. அந்த மதிப்பு 18,000 பவுண்டு என்றால் 36,000 கையில் வரும். 16 வருடமாகச் சேர்த்த வாடிக்கைக்குத் தனியாகக் காசு கிடையாது. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடிக்காத இடம் அதுதான்.

லீஸ், நோட்டீஸ், அது வந்த உறை, வாடகை கட்டிய பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு சொலிசிட்டரைப் பாருங்கள். அதுவரை உரிமையாளர் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம்.