ஆச்சியிடம் கேளுங்கள்: கலீசியா போனால் நமக்கு என்ன கிடைக்கும்?

ஆச்சி, மகன் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறான். எங்கள் இருவரையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா என்று பச்சைப்பசேல் கடற்கரை இருக்கிறது, சாப்பாடும் ஒயினும் அங்கேதான் பிரமாதம் என்கிறான். நாங்கள் குடிப்பவர்கள் இல்லை. போவதில் அர்த்தம் உண்டா?
*- வாசகி, காரைக்குடி*

தாராளமாகப் போங்கள். ஆனால் மாட்ரிட், பார்சிலோனா, கலீசியா எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஓடி ஓடிப் பார்க்கும் திட்டமாக இருந்தால் வேண்டாம். கலீசியா உட்கார்ந்து சாப்பிட வேண்டிய ஊர். ஒரு வாரம் ஒதுக்கி, பொந்தேவேத்ராவிலோ கம்பாதோஸிலோ அறை எடுத்துத் தங்கிவிடுங்கள், மற்றதெல்லாம் பக்கத்தில்தான். மாட்ரிட்டிலிருந்து கலீசியாவின் தலைநகரான சந்தியாகோவுக்கு அதிவேக ரயில் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் போய்விடும்.

அங்கே கடல், நிலத்துக்குள் விரல் விரலாக நீண்டு உள்ளே வருகிறது. அந்த நீர்ப்பரப்பை ரியா என்கிறார்கள். கோடையில் வடக்குக் காற்று அடிக்கும்போது ஆழ்கடலின் குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே ஏறி ரியாக்களுக்குள் நுழைகிறது; மீனும் சிப்பியும் அவ்வளவு ருசியாக இருப்பதற்கு அதுதான் காரணம். மரச்சட்டங்களைக் கட்டி மிதக்கவிட்டு, அதிலிருந்து தண்ணீருக்குள் கயிறுகளைத் தொங்கவிட்டுச் சிப்பி வளர்க்கிறார்கள். இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மிதவைகள் உண்டு. படகில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள், அவித்த சிப்பியும் தட்டு தட்டாக வரும். தவறவிடாதீர்கள்.

அப்புறம் ஆக்டோபஸ், நம் தொண்டிப் பக்கத்துப் பேய்க்கணவாய். திருவிழாக்களில் பெரிய செப்புக் கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். சமைக்கிற அம்மாள் கணவாயின் தலையைப் பிடித்து மூன்று முறை முக்கி முக்கி எடுப்பார், கால்கள் சுருண்டுகொள்ளும், அதற்குப் பிறகுதான் முழுசாக உள்ளே விடுவார். வெந்ததும் கத்தரிக்கோலால் மரத்தட்டில் வட்ட வட்டமாக நறுக்கி, கல் உப்பு, மிளகாய்த்தூள், ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். அந்தத் தூளில் நிறமும் வாசமும்தான் அதிகம், நம் காரத்தை எதிர்பார்க்காதீர்கள். இருபது சாமான் வறுத்து அரைத்துப் பழகிய நமக்கு முதல் வாயில் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். இரண்டாவது வாயில் மீனின் ருசி தெரிய ஆரம்பிக்கும். நான் அந்தச் சமையலை மிகவும் மதிக்கிறேன். சரக்கு அன்றைக்குப் பிடித்ததாக இல்லாவிட்டால் அவர்களால் எதையும் மறைக்க முடியாது.

குடிக்காவிட்டாலும் திராட்சைத் தோட்டத்தைப் பாருங்கள். அட்லாண்டிக்கிலிருந்து மழை வந்துகொண்டே இருக்கிற ஊர் என்பதால், கொடி தரையோடு கிடந்தால் பழம் அழுகிவிடும். அதனால் கருங்கல் தூண் நட்டு, நம் பாகற்காய்ப் பந்தல் போலத் தலைக்கு மேலே படரவிட்டிருக்கிறார்கள், கீழே காற்று ஓடும். அல்பரின்யோ என்கிற வெள்ளைத் திராட்சை அது. கம்பாதோஸில் ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி அதற்கென்றே விழா, 1953-லிருந்து நடக்கிறது. கூட்டம் பிடிக்காதென்றால் செப்டம்பர் போங்கள். அறுவடையும் பார்க்கலாம்.

இன்னொன்று, உங்களுக்கு அவசியம் பிடிக்கும். நம் ஆட்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்ச் சம்பாதித்து ஊரில் வீடு கட்டிய அதே காலத்தில், கலீசியாக்காரர்கள் கியூபாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கப்பலேறினார்கள். திரும்பி வந்தவர்கள் கட்டிய மாளிகைகள் வட கரையில் ரிபாதேயோவில் இருக்கின்றன. கானாடுகாத்தான் தெருவில் நடந்தவர்கள் அங்கே சும்மா கடந்து போக மாட்டார்கள்.

எங்கள் ஆத்தா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். கூட்டிப்போகலாமா?
*- வாசகர், தேவகோட்டை*

கூட்டிப்போங்கள், ஆனால் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். ஹோட்டலை நம்பினால் ஆத்தாதான் கஷ்டப்படுவார். அங்கே கீரையும் கிழங்கும் போட்ட சூப்பில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'சின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஆனால் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையைப் பலர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே 'சின் பெஸ்காதோ, சின் ஹாமோன்' என்று மீனையும் அதையும் தனியாகச் சொல்லுங்கள். முட்டைக்கு 'சின் உவேவோ'.

தைரியமாகச் சாப்பிடக்கூடியது பத்ரோன் மிளகாய். சின்னப் பச்சை மிளகாயை ஆலிவ் எண்ணெயில் பொரித்துக் கல் உப்புத் தூவித் தருவார்கள். பெரும்பாலும் காரமே இருக்காது, எப்போதாவது ஒன்று சுள்ளென்று ஏறும், எது என்று கடித்தால்தான் தெரியும். சந்தையில் காய்கறி நன்றாக இருக்கும். அரிசி, பருப்பு அங்கேயே கிடைக்கும். பருப்புப்பொடி மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடந்து பழக்கம். கலீசியாவிலும் நடைப்பயணம் உண்டாமே?
*- வாசகர், பள்ளத்தூர்*

உண்டு. சந்தியாகோ பேராலயத்தில் புனித யாக்கோபின் சமாதி இருப்பதாக நம்பி, பல நூற்றாண்டுகளாக நடக்கிறார்கள். கடைசி 100 கிலோமீட்டராவது நடந்து, வழியில் முத்திரை வாங்கினால் சான்றிதழ் தருவார்கள். பெரும்பாலோர் சாரியாவிலிருந்து கிளம்புவார்கள். நான் சொல்வது போர்ச்சுகல் எல்லையில் உள்ள துய். அந்தப் பாதை பொந்தேவேத்ரா, பத்ரோன் வழியாகப் போகிறது, திராட்சைப் பந்தலும் சாப்பாடும் வழியிலேயே வந்துவிடும். ஜூலை 25 யாக்கோபு திருநாள், அப்போது அறை கிடைப்பது கடினம். பழநிப் பாதையில் இருப்பது போல வழிநெடுக அன்னதானம் இருக்காது, கைக்காசு வேண்டும். மழைச்சட்டை எந்த மாதமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாடு மிகவும் தாமதம் என்கிறார்களே?
*- வாசகி, கோட்டையூர்*

ஆமாம். மதியம் இரண்டு மணிக்கு மேல், இரவு ஒன்பதுக்கு மேல். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் முன்னாலேயே நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள், பையில் எப்போதும் ஏதாவது வைத்திருங்கள். சந்தியாகோவில் பாதாம் கேக் கிடைக்கும், மேலே சர்க்கரைத் தூளில் சிலுவை வரைந்திருக்கும். நடுவில் பசித்தால் அதில் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முட்டை சேர்த்தது, தேவகோட்டை ஆத்தாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.