கேமரா எங்கே போய் நிற்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பனச்சமூடு பக்கத்தைச் சேர்ந்தவன். நான்கு ஆண்டுகளாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். தமிழ்நாடு–கேரள எல்லையின் இரண்டு பக்கமும் வேலை உண்டு. இன்றைக்கு வெள்ளறடையில் முகூர்த்தம் என்றால் நாளைக்கு அருமனையில் வரவேற்பு. கிம்பல் (கேமரா குலுங்காமல் தாங்கும் பிடி), ஸ்லைடர், ட்ரோன் எல்லாம் கையாளத் தெரியும். பேன், டில்ட், ட்ராலி, கிரேன் என்று கேமரா அசைவுகள் அனைத்தையும் யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டேன். சென்ற மாதம் என் முதல் குறும்படத்தை முடித்தேன். அப்பா விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போவதுதான் படம். 12 நிமிடம் ஓடுகிறது. பார்த்த நண்பர்கள் எல்லோரும் "சூப்பரா இருக்கு, கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு" என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கே தவறினேன் என்று எனக்கே பிடிபடவில்லை. கேமரா அசைவையும் ஷாட் அமைப்பதையும் முறையாகக் கற்பது எப்படி? அதற்குத் திரைப்படக் கல்லூரிக்குத்தான் போக வேண்டுமா? படத்தின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளும்
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் படத்தை மூன்று முறை பார்த்தேன். இரண்டாவது முறை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மொத்தம் 41 ஷாட்கள். அவற்றில் 40 ஷாட்களில் கேமரா நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒன்றே ஒன்றில் நிற்கிறது. அந்த ஒன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

படத்தின் உயிர் என்று நீங்கள் நினைத்திருப்பது, அப்பா மரத்தின் முன் குனிந்து பால் வெட்டும்போது கேமரா அவரைச் சுற்றி வரும் அந்த நீண்ட ஷாட்டைத்தான் என்று ஊகிக்கிறேன். நெற்றி விளக்கின் வெளிச்சம் பட்டையில் வட்டமாக விழ, முந்தைய வெட்டின் மேல் காய்ந்து கிடந்த ஒட்டுபாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, கத்தியை இடப்பக்கத்து மேல்முனையில் பொருத்தி வலப்பக்கத்துக் கீழ்முனை நோக்கி இழுக்கிறார். மெல்லிய பட்டைச் சீவல் சுருண்டு விழுகிறது. ஒரு கணம் எதுவும் நடப்பதில்லை. பிறகு வெட்டின் நெடுகிலும் வெள்ளைப் புள்ளிகள் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகி, சரிவில் இறங்கி, தகரச் சில்லின் நுனியில் தயங்கித் திரண்டு, கீழே கட்டிய சிரட்டையில் (தேங்காய் ஓட்டில்) சொட்டுகிறது. இவ்வளவையும் நான் உங்கள் படத்தில் பார்க்கவில்லை. குலசேகரத்துத் தோட்டங்களில் சிறுவயதிலிருந்தே பார்த்து எனக்குத் தெரியும். உங்கள் படத்தில், கத்தி பாதி தூரம் வந்தபோதே கேமரா மரத்தின் பின்பக்கம் போய்விட்டது. முதல் சொட்டு விழுந்த நேரத்தில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் பட்டையையும் பின்னால் மங்கலாகத் தெரிந்த இலைகளையும்தான்.

அந்த இடத்தில் அசைவு ஏற்கெனவே இருக்கிறது, பால்தான் அசைகிறது. சட்டகத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) ஒரு பொருள் மெல்ல நகரும்போது கேமராவும் நகர்ந்தால், மெல்ல நகர்வதுதான் தோற்றுப்போகும். தவிரவும், அங்கே ஷாட்டின் அமைப்பையே மரம் உங்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறது. பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஓடாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் வெட்டுதான் கூடுதலான குழாய்களைத் திறக்கும். அதனால்தான் தோட்டமெங்கும் எல்லா மரத்திலும் வெட்டு ஒரே பக்கமாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இருக்கிறது. அந்தச் சாய்கோடு மேல் இடது மூலையில் தொடங்கி, சிரட்டை கீழ் வலது மூலைக்குச் சற்று உள்ளே அமையும்படி கேமராவை வைத்துவிட்டு நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும். சட்டகத்தில் பொருளை எங்கே வைப்பது என்று சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதி, சாய்கோட்டு விதி என்று படித்ததெல்லாம் இப்படி ஒரு பொருளின் இயல்பிலிருந்து வரும்போதுதான் பொருள்படும். கட்டம் போட்ட திரையில் முகத்தைக் கொண்டுபோய்ப் பொருத்துவது அமைப்பு ஆகாது.

உங்கள் நண்பர்கள் ஆல்பம் என்று சொன்னதன் காரணமும் இதுதான். கல்யாண வீடியோவை நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை. தாலி கட்டும் கணத்தை இன்னொரு முறை நடத்தச் சொல்ல முடியாத இடத்தில், நடப்பது என்னவென்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும் இடத்தில், கேமரா சுற்றிச் சுற்றி வந்து அந்த நாளின் மகிழ்ச்சியைக் கூட்டுவது நியாயமான வேலை. அங்கே அசைவு அலங்காரம். உங்கள் அப்பா இருட்டில் என்ன செய்கிறார் என்று தெரியாத ஒருவர் படம் பார்க்கும்போது, அவருக்கு அலங்காரம் எதற்கு? அசைவு தொடங்கும்போது அவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று அசைவு முடியும்போது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே கேமரா அசைவைக் கற்பதற்கு நான் சொல்லும் முதல் பயிற்சி, கடைசிச் சட்டகத்தை முதலில் அமைப்பது. கேமரா எங்கே போய் நிற்கப் போகிறது, நின்றபின் எது தெரியும், எவ்வளவு தூரத்தில் தெரியும், எந்த உயரத்திலிருந்து தெரியும் என்பதை முடிவு செய்து, அங்கே காலால் மண்ணில் ஒரு கோடு கீறிவிட்டு, அதன் பிறகே தொடக்க இடத்துக்குத் திரும்பி வாருங்கள். நான் உதவி ஒளிப்பதிவாளனாக இருந்த நாட்களில், நெய்யாற்றின்கரைக்கு அருகில் ஒரு பழைய வீட்டில் ட்ராலி ஓடுவதற்கான ட்ராக் போட்டுவிட்டு ட்ராலியைத் தொடக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒளிப்பதிவாளர் என்னை மறுமுனைக்கு வரச் சொன்னார். "இங்கே இருந்து பார். பார்க்க ஒன்றும் இல்லையென்றால் எதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டும்?" என்றார். அன்று அந்த ட்ராக்கைப் பிரித்து அடுத்த அறையில் போட்டோம். அரை நாள் வேலை போயிற்று. தயாரிப்பு நிர்வாகி கோபப்பட்டார். ஆனால் எனக்கு ஒரு வாழ்நாளுக்கு வேண்டிய பாடம் கிடைத்தது. முடிவு தெரியாத அசைவு கடைசி இரண்டு நொடிகளில் தள்ளாடும். உங்கள் ஷாட்களில் பலவும் அப்படித் தள்ளாடுவதையும், அதை மறைக்க நீங்கள் படத்தொகுப்பில் முன்னதாகவே வெட்டிவிட்டதையும் கவனித்தேன்.

இரண்டாவது, நின்ற இடத்திலிருந்தே கேமராவைத் திருப்பும் பேனும், கேமராவையே நகர்த்திக்கொண்டு ட்ராலியில் போவதும் ஒன்றல்ல என்பதைக் கண்ணால் உணர்வது. இதற்கு ரப்பர்த் தோட்டத்தைப் போன்ற பள்ளிக்கூடம் வேறு கிடையாது. ஓரிடத்தில் நின்று கேமராவை இடமிருந்து வலமாகத் திருப்பினால், எந்த மரம் எந்த மரத்தை மறைத்திருக்கிறதோ அது அப்படியே மறைத்திருக்கும். நீங்கள் தலையைத் திருப்பிப் பார்க்கிறீர்கள், அவ்வளவே. அதே கேமராவுடன் வரிசைகளுக்குக் குறுக்கே பக்கவாட்டில் நடந்து பாருங்கள்: முன்மரம் வேகமாகவும் பின்மரம் மெதுவாகவும் நகர, ஒரு வரிசை கதவுபோலத் திறந்து நீண்ட பாதையைக் காட்டி, மறுகணம் மூடி, அடுத்த வரிசை திறக்கும். நின்றுகொண்டிருக்கும் மரங்கள் உங்கள் நடையால் அசைகின்றன. 1896இல் பிரான்சின் லூமியேர் திரைப்பட நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் அலெக்சாந்தர் ப்ரோமியோ வெனிஸ் நகரத்தில் கேமராவைப் படகில் ஏற்றிக் கால்வாயில் போனபோது அவருக்குத் தோன்றியதும் இதுதான்: நிற்கும் கேமரா நகரும் பொருளைக் காட்டுகிறதென்றால், நகரும் கேமரா நிற்கும் பொருளைக் காட்டாதா? சினிமா பிறந்த மறு ஆண்டிலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது. உங்கள் அப்பா ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் ஷாட்டில் இந்தப் பக்கவாட்டு நடை பொருந்தும். வரிசைகள் திறக்கும்போது தெரிவார், மூடும்போது மறைவார், எத்தனை மரம் என்று நாம் எண்ணத் தொடங்குவோம். நீங்கள் அங்கே ட்ரோனை ஏற்றியிருக்கிறீர்கள். மேலிருந்து பார்த்தால் இலைதான் தெரிகிறது.

உங்கள் படத்தின் மூன்றாவது நிமிடத்தில் வரும் பேனில் மரங்கள் உடைந்து உடைந்து துள்ளுகின்றன. நொடிக்கு 24 அல்லது 25 சட்டகம் எடுக்கும்போது செங்குத்தான பொருள்களின் மேல் வேகமாகப் பேன் செய்தால் இப்படித்தான் ஆகும். ஒரு பொருள் சட்டகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏறக்குறைய 7 நொடி ஆக வேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் பூட்டிவிடுங்கள்; நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீட்டுக்குள் குழல்விளக்கின் துடிப்பும் தெரியாது.

தூரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஜூமை நெருங்குவதற்கான வழியாக எண்ணுகிறீர்கள். ஜூம் செய்தால் படம் பெரிதாகுமே தவிர நீங்கள் நிற்கும் இடம் மாறுவதில்லை. பொருள்களுக்கிடையே உள்ள உறவை முடிவு செய்வது நிற்கும் இடம் மட்டுமே. அப்பாவை வீட்டு வாசலில் இருந்து சற்று முன்னால் நிறுத்தி, இடுப்பு வரை தெரியும்படி முதலில் பக்கத்திலிருந்து அகல லென்ஸில் எடுங்கள்; பிறகு முப்பது அடி பின்னால் போய், அதே அளவில் அவர் தெரியும்படி, தொலைவை இழுத்துக் காட்டும் நீண்ட லென்ஸில் எடுங்கள். முதல் படத்தில் வீடு எங்கோ சிறிதாகக் கிடக்கும். இரண்டாவதில் வீடு அவர் முதுகின் மேல் வந்து நிற்கும். எந்தப் படம் உங்கள் அப்பாவைப் பற்றிய உண்மை என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். உயரமும் அப்படியே. அம்மா தரையில் அமர்ந்து பாலைத் தட்டுகளில் ஊற்றும் காட்சியை நின்றுகொண்டு எடுத்ததால் அவருடைய உச்சந்தலைதான் தெரிகிறது. அவருக்கு எதிரே நீங்களும் சம்மணமிட்டு அமர்ந்திருக்கலாம். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு பாயில் அமர்ந்தவர்களைக் காட்டக் கேமராவைத் தரைக்கு அருகே இறக்கினார்; தம் பிற்காலப் படங்களில் அதை ஏறக்குறைய அசைக்கவே இல்லை.

கல்லூரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னையில் எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட நிறுவனமும் கோட்டயத்தில் கே.ஆர். நாராயணன் திரைப்பட நிறுவனமும் இருக்கின்றன. வசதிப்பட்டால் போங்கள், அங்கே கிடைக்கும் தோழர்களும் விவாதங்களும் தனியாக வீட்டில் கிடைக்காதவை. அதற்கு முன், 1996இல் கோழிக்கோட்டில் தொடங்கி இப்போது திருவனந்தபுரத்தில் நடந்துவரும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு டிசம்பரில் போய் வாருங்கள். உங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் போய்விடலாம். மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனுக்காக மங்கட ரவிவர்மா ஒளிப்பதிவு செய்த படங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒலியை நிறுத்திவிட்டு, கேமரா அசையும் இடங்களை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில், அந்த அசைவு முடிந்தபோது புதிதாக என்ன தெரிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரியும் எழுத வராத அசைவு அவற்றில் மிகக் குறைவாகவே இருக்கும்.

இனி அந்த ஒரு ஷாட். 10ஆவது நிமிடத்தில் வருகிறது; கிம்பலில் சார்ஜ் தீர்ந்து கேமராவைக் கல்லின் மேல் வைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அப்பா வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, விரல்களில் ஒட்டிக் காய்ந்த பாலைக் கட்டைவிரலால் தேய்த்து, சிறு சிறு உருண்டையாக உருட்டி எறிகிறார். நடுவில் ஒரு முறை தலையை நிமிர்த்தி, கேமராவுக்குச் சற்று இடப்பக்கமாக, நீங்கள் நின்றிருந்த இடத்தைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு மறுபடியும் கையைத் தேய்க்கிறார். ஆறு நொடியில் வெட்டிவிட்டீர்கள். வெட்டாத முழு ஷாட் உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். அதை அழித்துவிடாமல் எனக்கு அனுப்புங்கள். மழை தொடங்கிப் பால் வெட்டு நிற்பதற்குள் ஒரு நாள் தோட்டத்துக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்.