பரண் வீடு வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். மகனுக்கு ஓசூரில் வேலை. அங்கே மூடிப்போன ஒரு லேத் பட்டறை ஷெட்டை நான்காகப் பிரித்து ‘லாஃப்ட் வீடு’ என்று விற்கிறார்கள். உயரமான கூரை, இரும்புத் தூண்கள், பாதி உயரத்தில் படுக்க ஒரு மேல்தளம். 46 லட்சம் சொல்கிறார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. என் மாமியாரோ, “லாஃப்ட்னா பரண்தானே, பரண்ல யாராவது குடித்தனம் பண்ணுவாங்களா?” என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா? - ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, மாமியார் கேட்டதில் தப்பில்லை. நம் வீட்டு லாஃப்டில் பித்தளை அண்டாவும் பழைய பாயும்தான் குடியிருக்கும். மகன் பார்த்திருப்பது வேறு வகை. நியூயார்க்கில் சோஹோ என்ற பகுதியில் ஆலைகள் காலியானபோது, 1960களில் ஓவியர்கள் குறைந்த வாடகைக்காக அந்தக் கூடங்களில் குடியேறினார்கள். அங்கிருந்து வந்த மோகம் இது. ஆனால் அவர்கள் அங்கே வசித்ததே விதிமீறல்தான். கலைஞர்கள் மட்டும் வசிக்கலாம் என்று 1971இல் விதியைத் திருத்தினார்கள்; குடியிருப்பவர்களுக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் 1982இல்தான் வந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் அப்படிக் காத்திருக்கலாம். 46 லட்சத்தைக் கொடுத்துவிட்டு உங்கள் மகன் காத்திருக்க முடியுமா?

அதனால் முதலில், நிலம் யாருடையது என்று கேளுங்கள். சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) மனை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். அது தொழிலுக்காக 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த இடம், வீடாக விற்க முடியாது. தனியார் பட்டா நிலம் என்றால், கட்டட அனுமதி வரைபடத்தில் தொழிற்கூடம் என்று இருக்கிறதா, குடியிருப்பு என்று இருக்கிறதா? அந்த மேல்தளம் வரைபடத்தில் உண்டா? நான்கு பங்குக்கும் நிலத்தில் பிரிபடாத பாகம் எவ்வளவு, வழி யாருக்கு? விற்பவர் “அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்” என்பார். அந்த அப்புறம் முடிந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். எட்டு வீட்டுக்கு மிகாத திட்டத்துக்கு ரெரா (வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் சட்டம்) பதிவு கட்டாயமில்லை என்பதால், அந்தப் பாதுகாப்பும் உங்களுக்கு இருக்காது.

ஒரு சின்னச் சோதனை: மின்சார பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டண விகிதம் ஒன்-ஏ என்றால் வீட்டு இணைப்பு. இன்னும் தொழிற்சாலை விகிதத்திலேயே ஓடினால், அவர் வாயால் வீடு என்கிறார், காகிதத்தில் அது பட்டறைதான்.

அடுத்தது எனக்கு அதிகம் பயம் தருவது. பட்டறை எப்படி மூடியது? கடனில் மூழ்கி மூடியிருந்தால் அந்தக் கடன் செங்கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 30 வருடத்துக்கு ஈசி (வில்லங்கச் சான்று) போட்டால் பதிவான அடமானம் தெரிந்துவிடும். தொழிலாளர்களின் பி.எஃப். பாக்கியும் மின் பாக்கியும் அதில் வராது. பழைய உரிமையாளரின் மின் பாக்கியை, விதியில் இடமிருந்தால், வாங்கியவரிடம் கேட்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாக்கி இல்லை என்று விற்பவர் எழுத்தில் வாங்கித் தரட்டும். கையில் பணம் இருந்தாலும் ஒரு வங்கியில் வீட்டுக் கடன் கேட்டுப் பாருங்கள். உங்கள் பேச்சைவிட அவர்களுடைய வக்கீலின் ‘முடியாது’ மகன் காதில் நன்றாக ஏறும்.

சரி, காகிதம் எல்லாம் சுத்தம் என்றே வையுங்கள். ஏப்ரலில் மதியம் இரண்டரை மணிக்குப் போய் அந்த மேல்தளத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். ஓசூர் குளுகுளு ஊர்தான். தலைக்கு நாலடி மேலே இருக்கும் தகரத்துக்கு அது தெரியாது. இறங்கும்போது மூலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, தரை விரிசலில் என்ன மிதந்து வருகிறது என்று பாருங்கள். வானவில் போல எண்ணெய்ப் படலம் பளபளத்தால், வருடக்கணக்கில் கொட்டிய கூலன்ட் (லேத்தில் சூடு தணிக்க ஊற்றும் எண்ணெய்க் கலவை) இன்னும் அடியில் இருக்கிறது. பக்கத்தில் முலாம் பூசும் பட்டறை இருந்ததா என்றும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அங்கிருந்து தண்ணீரில் இறங்கும் குரோமியம், நிக்கல் எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. போர் தண்ணீரைக் குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

இப்போதைக்கு அட்வான்ஸ் வேண்டாம். பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசை என்றால், அந்த நாலில் ஒன்றை ஒரு கோடைக்கு வாடகைக்குக் கேட்கச் சொல்லுங்கள். வீடு பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். அந்த இரும்பு ஏணிப்படியில் அவர் ஒருமுறை ஏறி இறங்கட்டும்.