அரசு நியமித்த வழக்கறிஞர் அதிபரையே விசாரிக்க முடியுமா?

முடியும், ஆனால் வேலை போகலாம். அமெரிக்காவின் ஆர்ச்சிபால்ட் காக்ஸுக்கு அதுதான் நடந்தது. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர். அதிபர் கென்னடி காலத்தில் சொலிசிட்டர் ஜெனரல், அதாவது உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் வழக்கறிஞர். 1973 மே மாதம் எதிர்க்கட்சி அலுவலகத்தில் அதிபர் நிக்சன் தரப்பு ஆட்கள் அத்துமீறி நுழைந்த வாட்டர்கேட் விவகாரத்தை விசாரிக்கச் சிறப்பு வழக்கறிஞரானார். வெள்ளை மாளிகைப் பேச்சுகளை நிக்சன் ரகசியமாகப் பதிவு செய்தது ஜூலையில் அம்பலமானதும், அந்த ஒலிநாடாக்களைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னார்.

அக்டோபர் 20, சனிக்கிழமை. காக்ஸை நீக்கச் சொன்னார் நிக்சன். நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ரக்கல்ஷாஸும் மறுத்தார். கடைசியில் நீக்கியவர் சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க். ஆமாம், காக்ஸ் ஒருகாலத்தில் உட்கார்ந்த அதே நாற்காலி!

அப்புறம் சிறப்பு வழக்கறிஞராக வந்த லியோன் ஜாவோர்ஸ்கியும் நாடாக்களை விடவில்லை. 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவற்றை ஒப்படைக்கச் சொல்லி 8-0 எனத் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார்.