பாய் விரிக்க எந்த மாதம்?

கேள்வி: கரீபியன் தீவுகளைப் பாய்மரப் படகில் ஒரு வாரம் சுற்றிப் பார்க்க ஆசை. குழந்தைகளும் வருகிறார்கள். செப்டம்பரில் வாடகை மிகவும் குறைவாக இருக்கிறதே, போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சமே செப்டம்பர்தான். வாடகை குறைவதும் அதனால்தான். புயல் விலகிப் போனாலும், எச்சரிக்கை வந்துவிட்டால் பயணம் துறைமுகத்திலேயே முடங்கிவிடும்.

டிசம்பர் நடுவிலிருந்து மழை குறையும். கிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று மணிக்கு 15 முதல் 20 கடல் மைல் வேகத்தில் சீராக வீசும். ஆனால் கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி இறுதிவரை அது 25-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது தீவுகளுக்கு இடையே திறந்த கடலைக் கடந்தால் பக்கவாட்டில் அலை அடித்து, குழந்தைகளுக்குக் குமட்டிவிடும். உங்களுக்கு மார்ச் கடைசியோ ஏப்ரலோதான் ஏற்றது.

முதல் பயணம் என்றால் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளுக்குப் போங்கள். அங்கே சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாயை இருபுறமும் தீவுகள் மறைத்து நிற்பதால் பெரிய அலை உள்ளே வராது. ஒரே எச்சரிக்கை: ஏப்ரல்வரை வடக்கு பார்த்த விரிகுடாக்களில் இரவு நங்கூரம் போடாதீர்கள். தொலைதூர வட அட்லாண்டிக் புயல்கள் கிளப்பும் நீண்ட அலை, காற்றே இல்லாத இரவிலும் படகை உருட்டி எடுத்துவிடும்.